6.30க்கு எழணும், தனியா எங்கேயும் போகக்கூடாது, டீ குடிக்கக்கூடாது: வெளிநாட்டில் ஒரு மார்மன் மிஷனரியின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஜப்பானில் ஏதாவது ஒரு ரயில் நிலைய வாசலில் மாலை 6 மணிக்கு நின்றால் இவர்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வெள்ளைச் சட்டை, டை, தலையில் ஹெல்மெட், முதுகில் பை, நெஞ்சில் ஒரு கறுப்பு பேட்ஜ். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் ரெண்டு அமெரிக்கப் பையன்கள். வயசு 19, மிஞ்சிப்போனால் 20. வேலை முடிந்து வீட்டுக்கு ஓடும் கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, தட்டுத் தடுமாறும் ஜப்பானிய மொழியில் கடவுளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். பத்தில் ஒன்பது பேர் தலையைச் சற்றே குனிந்து, கையை அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பையன்கள் அடுத்தவரிடம் போவார்கள்.

2024ல் வெளியான 'ஹெரெடிக்' படத்தில் ஹியூ கிராண்ட் வீட்டுக் கதவைத் தட்டி மாட்டிக்கொள்ளும் இரண்டு இளம்பெண்கள் நினைவிருக்கிறதா? அவர்களும் இதே வகைதான். உலகம் முழுக்க 70,000க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படி ஊர் ஊராகக் கதவு தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால், வேலை செய்வதற்கு அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள்.

யார் இந்த மார்மன்கள்?

இவர்களுடைய அமைப்பின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830ல் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கியது. தேவதூதர் காட்டிய தங்கத் தகடுகளில் இருந்ததைக் கடவுளின் வல்லமையால் மொழிபெயர்த்தேன் என்று சொல்லி அவர் வெளியிட்டதுதான் 'மார்மன் புத்தகம்'. பைபிளோடு இதையும் வேதமாக ஏற்பதால் மார்மன்கள் என்று பெயர் வந்தது. 2018ல் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், 'இனி அந்தப் பட்டப்பெயர் வேண்டாம், முழுப்பெயரையே சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் வெளியே பழைய பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது.

1844ல் இல்லினாய்ஸ் சிறையில் ஒரு கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அடுத்து வந்த பிரிகாம் யங் தலைமையில் மக்கள் மேற்கே நடந்து, 1847ல் இன்றைய யூட்டா மாநிலத்தில் குடியேறினார்கள. தலைமையகம் இன்றும் அங்குள்ள சால்ட் லேக் சிட்டிதான். பலதார மணத்தை 1890ல் சபை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. இருந்தாலும் எந்த நாட்டுக்குப் போனாலும் மிஷனரிகளிடம் கேட்கப்படும் முதல் பத்து கேள்விக்குள் 'உங்களுக்கு எத்தனை மனைவி?' என்பது இருக்கும். காதலிக்கவே அனுமதி இல்லாத பையனிடம் கேட்கப்படுகிற கேள்வி இது!

மற்ற கிறிஸ்தவர்களுக்கும் இவர்களுக்கும் உரசல் உண்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள் என்பது இவர்களின் நம்பிக்கை. திரித்துவத்தை ஏற்கும் சபைகளுக்கு இது ஒத்துவராது. மார்மன்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 2001ல் அறிவித்துவிட்டது.

ஊரை யார் முடிவு பண்றது?

ஆண்கள் 18 வயதிலேயே போகலாம். பணிக்காலம் 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். 2012க்கு முன்பு ஆண்களுக்குக் குறைந்தபட்ச வயது 19, பெண்களுக்கு 21. அந்த ஆண்டு அக்டோபரில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைத்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2012 முடிவில் 59,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த மிஷனரிகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டு முடிவிலேயே 83,000ஐ எட்டியது.

முதலில் உள்ளூர் சபைத் தலைவர் நேர்காணல் நடத்துவார். பழக்கவழக்கம், ஒழுக்கம், நம்பிக்கை எல்லாவற்றையும் கேட்பார். பிறகு மருத்துவர், பல் மருத்துவர் சான்றிதழ். 'போன இடத்தில் பல்வலி வந்தால் யார் பார்ப்பது?' என்று கடைவாய்ப் பல்லை முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய.

எந்த நாடு என்பதைப் போகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர் பார்த்து, ஜெபித்து ஊரை ஒதுக்குவதாகச் சபை சொல்கிறது. ஒருவருக்கு பிரேசில் வரும், அவருடைய நண்பருக்குப் பக்கத்து மாநிலமே வரும். முன்பெல்லாம் பெரிய வெள்ளைக் கவர் தபாலில் வரும். 2018 முதல் ஆன்லைன். சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி வைத்து, நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பதுபோல படபடப்போடு அந்தக் கடிதத்தைத் திறப்பது யூட்டாவில் ஒரு குடும்ப விழா. வீடியோ எடுத்து இணையத்திலும் போடுவார்கள்.

கட்டாயமா? சட்டப்படி இல்லை. ஆனால் ஆண்களுக்கு இது கடமை என்றே சபை சொல்கிறது. பெண்களுக்கு விருப்பம். யூட்டா போன்ற இடங்களில் 20 வயதுப் பையனைப் பார்த்ததும் 'எங்கே ஊழியம் செஞ்சே?' என்று கேட்பார்கள். 'போகலை' என்று பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பெண் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி வரும்.

செலவு? அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களின் குடும்பம் மாதம் 400 டாலர் கட்டிவந்தது. 2020 ஜூலையில் அது 500 டாலரானது. 1990 வரை போகும் ஊரின் விலைவாசியைப் பொறுத்துத் தொகை மாறும். டோக்கியோ கிடைத்த பையனின் அப்பாவுக்குத் தலைசுற்றும், ஏழை நாடு கிடைத்தவர் தப்பித்துவிடுவார். 1991 முதல் எல்லாருக்கும் ஒரே தொகை. அதைப் பொதுவில் போட்டு, அந்தந்த ஊருக்கு ஏற்ப மாதச் செலவுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே இதற்காக உண்டியலில் சேமிக்கும் பிள்ளைகள் உண்டு.

சில வாரத்தில் ஒரு மொழி

யூட்டாவின் ப்ரோவோ நகரில் சபையின் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. 50க்கும் மேற்பட்ட மொழிகள் இங்கே கற்பிக்கப்படுகின்றன. தாய்மொழியிலேயே ஊழியம் என்றால் மூன்று வாரம் போதும். ஜப்பானியம் போல கடினமான மொழி என்றால் இரண்டு மாதம் வரை ஆகும். 2020க்குப் பிறகு பயிற்சியின் முதல் பகுதி வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடக்கிறது.

சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே நாட்டில் ஊழியம் முடித்துத் திரும்பிய கல்லூரி மாணவர்கள். இலக்கணத்துக்கு முன்னால் ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுப்பார்கள். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். ஜப்பானில் போய் இறங்கும் பையனுக்கு 'பாவமன்னிப்பு', 'உயிர்த்தெழுதல்' எல்லாம் ஜப்பானிய மொழியில் தெரியும். கடையில் துணி சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரியாது.

இன்னொன்று, அங்கே போனதும் பெயர் மாறிவிடும். ஆண்கள் 'எல்டர்', பெண்கள் 'சிஸ்டர்'. அதோடு குடும்பப் பெயர் மட்டும். சொந்தப் பெயரை இரண்டு வருடத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்டர் என்றால் தமிழில் மூப்பர். மீசை சரியாக முளைக்காத பையனுக்கு மூப்பர் பட்டம்! ஜப்பானிலும் 'சோரோ' என்ற கிழவனார் அர்த்தம் வரும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாகச் சந்திக்கும் ஜப்பானியர்கள் பேட்ஜைப் படித்துவிட்டு முகத்தை இன்னொரு முறை பார்ப்பது வழக்கம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 6.30 மணிக்கு அலாரம். ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. 8 மணிக்கு மேல் தனியாக வேதம் படிப்பது, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பது, அன்றைக்கு யாருக்கு என்ன பாடம் என்று திட்டமிடுவது, வெளிநாட்டவர் என்றால் மொழிப் பாடம். சுமார் 10 மணிக்கு வெளியே கிளம்ப வேண்டும். மதிய உணவு, இரவு உணவுக்கு ஒவ்வொரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் தெருவில், யாராவது வீட்டில், அல்லது சைக்கிளில். இரவு 9 மணி வாக்கில் வீடு. மறுநாள் திட்டம், டைரி, 10.30க்கு விளக்கு அணைய வேண்டும். 2017ல் இந்த நேர அட்டவணையில் கொஞ்சம் நெகிழ்வு தந்தார்கள். அந்தந்த நாட்டுப் பழக்கத்துக்கு ஏற்ப முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள்கிழமை, சொந்த வேலைக்கு. துணி துவைப்பது, முடி வெட்டுவது, 100 யென் கடையில் சாமான் வாங்குவது, கோயில் குளம் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அன்றைக்குத்தான். மாலையில் மறுபடி டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

சினிமா, டிவி, வீடியோ கேம் கிடையாது. பாட்டு என்றால் பக்திக்கு இடைஞ்சல் இல்லாததாக இருக்க வேண்டும். காதல் கிடையாது. நீச்சலடிக்கவும் கூடாது. கையில் ஸ்மார்ட்போன் உண்டு, ஆனால் எதைத் திறக்கலாம் என்பதைச் சபைதான் தீர்மானிக்கும்.

வீட்டுக்குப் போன் பேசும் விஷயம்தான் பலருக்குப் பெரிய வலியாக இருந்தது. 2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற வாரமெல்லாம் மின்னஞ்சல் மட்டும். அப்பா அம்மா வருடம் முழுக்க அந்த இரண்டு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். 'எங்க காலத்துல அப்படியா இருந்துச்சு?' என்று பழைய மிஷனரிகள் முணுமுணுப்பது தனிக்கதை. இருந்தாலும் தாத்தா பாட்டியின் சாவுக்குக்கூட ஊருக்குப் போகாமல் பணியைத் தொடர்ந்தவர்கள் ஏராளம்.

24 மணி நேரமும் கூடவே ஒருத்தர்

மிஷனரி வாழ்க்கையில் எது ரொம்பக் கஷ்டம் என்று திரும்பி வந்தவர்களைக் கேட்டால், சாத்தப்படும் கதவுகளைவிடக் கூட இருந்த கூட்டாளியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ஒதுக்கப்படும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒரே அறையில் தனித்தனிப் படுக்கை. குளியலறை, கழிப்பறை தவிர ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். கடைக்குப் போனாலும் இருவர், காய்ச்சலில் ஒருவர் படுத்தால் அன்றைக்கு இருவருக்கும் லீவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். யார் யாருடன், எந்த ஊர் என்பதை 'மிஷன் பிரசிடென்ட்' முடிவு செய்வார். இவர் தன் மனைவியோடு மூன்று வருடம் வந்து தங்கி, அந்தப் பகுதி மிஷனரிகள் அத்தனை பேருக்கும் பொறுப்பு வகிப்பவர்.

ஐடாஹோ பண்ணையில் வளர்ந்த பையனும் ஒசாகா நகரத்துப் பையனும் ஒரே சமையலறையில் நிற்பார்கள். ஒருவன் 5.30க்கே எழுந்து பாத்திரம் உருட்டுவான், இன்னொருவன் அலாரத்தை மூன்று முறை அணைப்பான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கவும் முடியாது, அவனும் கூடவே வர வேண்டும்! கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள்கூட இவ்வளவு நேரம் சேர்ந்திருப்பதில்லை. பாதுகாப்பு, ஒழுக்கம், ஊக்கம் மூன்றுக்கும் இது தேவை என்பது சபையின் விளக்கம். ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் ஏற்பாடு என்பது விமர்சகர்களின் பார்வை. அனுபவித்தவர்களில் இரண்டுமே உண்மை என்பவர்கள் அதிகம்.

இவர்களுக்குள் தனி மொழியே உண்டு. புதுசா வந்தவன் 'கிரீனி'. அவனுக்குப் பழக்கிக் கொடுப்பவன் 'அப்பா'. வீட்டு நினைப்பில் மனசு பெட்டியைக் கட்டிவிட்டால் 'ட்ரங்கி'. ஜப்பானில் ஆங்கிலத்துக்குள் ஜப்பானியச் சொற்கள் கலந்துவிடும். கூட்டாளியை 'தோர்யோ' என்பார்கள், அதாவது சக ஊழியர். கதவு தட்டப் போவது 'தெந்தோ'.

என்ன சொல்லித் தர்றாங்க?

ஒரு காலத்தில் பாடங்கள் வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம். எந்த நாட்டுக் கதவைத் தட்டினாலும் அதே வாக்கியங்கள் வரும். 2004ல் புதிய கையேடு வந்ததும் இது மாறியது. பாடத்தின் கருத்தைப் புரிந்துகொண்டு ஆளுக்குத் தகுந்தபடி சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். 2023ல் அந்தக் கையேடு திருத்தப்பட்டது.

முதல் பாடம் சபை எப்படித் தோன்றியது என்பது. 14 வயதில் எந்தச் சபை உண்மை என்று தெரியாமல் ஜோசப் ஸ்மித் காட்டுக்குள் போய் ஜெபம் பண்ணியது, கண்ட காட்சி, மார்மன் புத்தகம். அடுத்தது பிறப்புக்கு முன் எங்கே இருந்தோம், செத்தபின் எங்கே போவோம் என்ற பாடம். பிறகு கிறிஸ்துவின் போதனை, கட்டளைகள்.

ஒவ்வொரு சந்திப்பும் ஒரு கேள்வியில் முடியும். 'இந்தப் பக்கத்தைப் படிப்பீங்களா?', 'உண்மையான்னு நீங்களே ஜெபம் பண்ணிக் கேட்டுப் பார்ப்பீங்களா?', 'ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா?' கடைசியில், 'இந்தத் தேதியில் ஞானஸ்நானம் எடுப்பீங்களா?' இன்ஷூரன்ஸ் விற்றவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகத் தோன்றலாம். யூட்டாவில் வீடு வீடாகப் போய் விற்கும் நிறுவனங்கள் ஊழியம் முடித்து வந்த பையன்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுப்பது சும்மா இல்லை.

சம்மதித்தவுடன் தண்ணீரில் இறக்கிவிட மாட்டார்கள். டீ, காபி, மது, புகையிலை விட வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் பண்ண வேண்டும், அல்லது பிரிய வேண்டும். விவாகரத்துச் சட்டமே இல்லாத பிலிப்பைன்ஸ் போன்ற நாட்டில் இது பெரிய முட்டுக்கட்டை. முதல் கணவரைப் பிரிந்து, இன்னொருவரோடு பல வருடம் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் 20 வயதுப் பையன் என்ன சொல்வான்?

சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். திருமணமானவர்களுக்குத் துணையின் சம்மதம் வேண்டும். கடைசியில் பாடம் நடத்தாத இன்னொரு மிஷனரி வந்து நேர்காணல் நடத்துவார்.

ஜப்பானில் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஜப்பானுக்கு முதல் மார்மன் குழு 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் வந்து இறங்கியது. பிற்காலத்தில் சபைத் தலைவரான ஹீபர் கிராண்ட் அதற்குத் தலைவர். குழுவில் ஒருவர் ஆல்மா டெய்லர், அப்போது வயது 19. மொழி தெரியாமல் வந்த இந்தப் பையன் எட்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1909ல் அது வெளிவந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 1924ல் கடையைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1948ல் மறுபடி ஆரம்பித்தார்கள். 1980ல் டோக்கியோவில் ஆசியாவின் முதல் மார்மன் ஆலயம் திறக்கப்பட்டது.

முதல் சிக்கல் வார்த்தையிலேயே இருக்கிறது. கடவுளுக்கு 'கமி' என்பார்கள். ஆனால் ஷிண்டோ மரபில் மலைக்கும் மரத்துக்கும் ஆற்றுக்கும் கமி உண்டு. 'ஒரே கமி' என்று பையன் விளக்குவதற்குள் கேட்பவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே மணி பார்ப்பார். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மொத்தமே நூற்றில் ஒருவர் அளவுதான்.

அடுத்தது டீ. ஜப்பானில் யார் வீட்டுக்குப் போனாலும் கிரீன் டீ வரும். மறுப்பது முகத்தில் அடித்தாற்போல. ஆனால் டீச் செடியிலிருந்து வரும் எதையும் குடிக்கக்கூடாது. கிரீன் டீயும் இதில் அடங்கும் என்று 2019ல் சபை இதழ் ஒன்று மறுபடி தெளிவுபடுத்தியது. நல்லவேளை, 'முகிச்சா' என்ற பார்லி பானம் இருக்கிறது. அதில் டீ இலை இல்லை, குடிக்கலாம். கோடையில் பார்லி பானம் எடுத்துவரும் வீட்டம்மாவைப் பார்த்தால் மிஷனரிகளுக்கு உயிர் வரும்.

பாடம் கேட்பவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கும்போது ஒருவர் மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து மேலதிகாரியோடு மது அருந்தப் போவதில் பாதி அலுவலக உறவு நடக்கும் நாட்டில், அதையும் விட வேண்டும். வீட்டில் புத்த பீடம் இருக்கும். இறந்த அப்பா அம்மாவுக்கு அங்கே தினமும் சோறும் தண்ணீரும் வைப்பார்கள். மூத்த மகன் மதம் மாறினால் அந்தப் பீடத்தை யார் பார்ப்பது? மிஷனரிகள் இங்கே ஒரு பாலத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இறந்துபோன முன்னோர்களின் பெயரில் உயிரோடு இருப்பவர்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் மார்மன்களிடம் உண்டு. அதற்காகவே வம்சாவளி ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். 'முன்னோரை மறக்கச் சொல்லவில்லை' என்று சொல்ல இது உதவும். சிலர் ஆறுதல் அடைவார்கள். சிலர் 'என் தாத்தாவைக் கேக்காம எப்படி?' என்று கேட்பார்கள்.

கதவு தட்டுவதைவிடப் பலன் தருவது இலவச ஆங்கில வகுப்பு. சபைக் கட்டடத்தில் வாரம் ஒருமுறை மிஷனரிகளே நடத்துவார்கள். ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், குழந்தையோடு அம்மாக்கள் வருவார்கள். வகுப்பு முடிவில் சிறிது நேரம் கடவுள் பேச்சு. பலர் வருடக்கணக்கில் வந்து நன்றாக ஆங்கிலம் கற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் பக்கமே தலைவைக்காமல் நண்பர்களாகவே இருந்துவிடுவார்கள்.

எத்தனை பேர் சேர்றாங்க?

கொரோனாவுக்கு முந்தைய 2019 கணக்கு இது. உலகம் முழுக்க மிஷனரிகள் 67,021. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் 2,48,835. ஒரு மிஷனரிக்கு வருடத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. இதிலும் ஆப்பிரிக்காவில் நிறைய, ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மிகக் குறைவு. இரண்டு வருடத்தில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு.

எண்ணிக்கைக்காக ஓடியதில் தவறுகளும் நடந்திருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அமெரிக்க மிஷனரிகள் பேஸ்பால் கிளப் ஆரம்பித்து, விளையாட வந்த சிறுவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கிளப்பில் சேரும் சடங்கு என்றே பல பிள்ளைகள் நினைத்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான பெயர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. டோக்கியோவிலும் 1970களின் இறுதியில், தெருவில் சந்தித்தவரை அதே நாளில் தண்ணீரில் இறக்கிய காலம் ஒன்று இருந்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. அவர்களைத் தேடிப் போகும் வேலை உள்ளூர் ஜப்பானிய உறுப்பினர்கள் தலையில் விழுந்தது.

இன்னொரு கறையும் உண்டு. 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்குச் சபையில் குருத்துவப் பொறுப்பு மறுக்கப்பட்டது. அந்தத் தடை நீங்கிய பிறகே நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் மிஷனரிகள் போனார்கள்.

ஆபத்து, சட்டம், விசா

வெளிநாட்டில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து சாலைதான். 2012 அதிபர் தேர்தல் வேட்பாளர் மிட் ராம்னி பிரான்சில் மிஷனரியாக இருந்தவர். 1968 ஜூனில் அவர் ஓட்டிச் சென்ற கார் மீது எதிரே வந்த வாகனம் மோதியது. காரில் இருந்த மிஷன் பிரசிடென்ட்டின் மனைவி இறந்தார். ராம்னியும் இறந்துவிட்டதாகவே நினைத்து ஒரு போலீஸ்காரர் அவருடைய பாஸ்போர்ட்டில் எழுதிவிட்டார். பிழைத்து எழுந்த ராம்னி மீதிப் பணிக்காலத்தையும் முடித்தே ஊர் திரும்பினார். 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் மூன்று அமெரிக்க மிஷனரிகள் காயமடைந்தார்கள்.

ரஷ்யாவில் 2016 ஜூலையில் வீடு, தெருக்களில் மதப் பிரசாரத்தை முடக்கும் சட்டம் வந்தது. அதன்பின் அங்கிருந்தவர்கள் 'தன்னார்வலர்' என்று அழைக்கப்பட்டார்கள். கதவு தட்டுவது நின்றது. 2019ல் நோவோரோசியிஸ்க் நகரில் இரண்டு பேர் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள்.

2020ல் கொரோனா வந்தபோது பல்லாயிரக்கணக்கானவர்களைச் சில வாரத்தில் ஊருக்குத் திருப்பி அழைத்தார்கள். அந்த வருட முடிவில் எண்ணிக்கை 52,000க்குக் கீழே இறங்கியது.

இந்தியாவுக்கு வந்திருக்காங்களா?

சென்னைக்கு 170 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்! 1853ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலில் கல்கத்தா வந்த குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் பாலன்டைன் மதராஸுக்கு அனுப்பப்பட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், யூட்டாவில் மார்மன்களின் முதல் ஞாயிறு பள்ளியை 1849ல் தொடங்கியவர். மனைவி மக்களை விட்டுவிட்டு வந்த இவர் மதராஸில் ஒரு மாத இதழே அச்சடித்து வெளியிட்டார். கேட்டவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஐரோப்பியர்களும். பலதார மணச் செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதால் பத்திரிகைகளில் கடும் எதிர்ப்பு. 1850களின் நடுவிலேயே கிழக்கிந்திய ஊழியம் முடிந்துபோனது.

இப்போது பெங்களூரில் 1993 முதல் மிஷன் இயங்குகிறது. 2012ல் ஹைதராபாத்தில் முதல் பெரிய நிர்வாகப் பிரிவு அமைந்தது. பெங்களூருக்கு ஓர் ஆலயம் வரும் என்று 2018ல் அறிவித்தார்கள். இந்தியாவில் மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டவருக்கு மிஷனரி விசா என்று தனிப் பிரிவும் உண்டு. அதனால் இங்கே பேட்ஜ் மாட்டிக்கொண்டு நடப்பவர்களில் இந்தியப் பிள்ளைகளே அதிகம்.

முன்னாடியே திரும்பி வந்தா?

மனச்சோர்வு, பதற்றம், உடல்நலக் குறைவு, சில நேரம் விதிமீறல். காரணம் எதுவாக இருந்தாலும் 24 மாதம் முடியும் முன் விமான நிலையத்தில் வந்து நிற்கும் பையனை வரவேற்க பேனர் இருக்காது. முழுக்காலம் முடித்து வருகிறவனுக்குப் பலூன், பதாகை, சொந்தக்காரர் கூட்டம். இவனுக்கு அப்பாவும் அம்மாவும் மட்டும். ஞாயிறு சபையில் 'என்னப்பா, சீக்கிரம் வந்துட்டே?' என்ற கேள்வி. இந்த வலியைப் பற்றி அண்மைக் காலத்தில்தான் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். மனநல ஆலோசகர்களின் உதவி இப்போது கிடைக்கிறது. வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே உணவு வங்கி, ஆவணப் பணி போன்றவற்றில் ஊழியம் செய்யும் திட்டமும் இருக்கிறது.

முழுக்காலம் முடித்தவர்களுக்கும் வீடு திரும்புவது எளிதாக இருப்பதில்லை. ஜப்பானில் மிஷனரியாக இருந்த கென்ட் கில்பர்ட், கென்ட் டெரிகாட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பிற்பாடு அதே ஜப்பானில் டிவி பிரபலங்கள் ஆனார்கள். கற்ற மொழி சிலருக்கு வெளியுறவுத் துறையிலும் உளவுத் துறையிலும் வேலை வாங்கித் தந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள். சிலர் கொஞ்ச வருடத்தில் சபையை விட்டே விலகிவிடுகிறார்கள், ஆனாலும் அந்த ஊரின் நண்பர்களை விடுவதில்லை.

விமானத்தை விட்டு இறங்கியதும் பணி முடிந்துவிடாது. உள்ளூர் சபைத் தலைவரைப் பார்த்து, அவர் 'உன்னை விடுவிக்கிறேன்' என்று சொல்லும்வரை மிஷனரிதான். அதுவரை விதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் அன்றைக்கு இரவே அது நடந்துவிடும். வீட்டு வரவேற்பறையிலோ சபை அலுவலகத்திலோ பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைப்பார்கள். மறுநாள் காலை 6.30க்கு யாரும் எழுப்பாமலே கண் விழித்துக்கொள்ளும். பக்கத்துப் படுக்கை காலியாக இருக்கும். தனியாகக் கடைக்குப் போகும்போது, கூட வருகிறவர் எங்கே என்று பழக்கத்தில் திரும்பிப் பார்ப்பது சில வாரங்களுக்காவது நீடிக்குமாம்.